குடிநீர் தேடி – 7: ஒகேனக்கல் தண்ணீரும் ஊர்த் தொட்டியும்

தர்மபுரி மாவட்டத்தில் சில ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போனால், பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்க்கலாம். பல் துலக்காததால் வந்ததல்ல, குடித்த தண்ணீரால் வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கடியில் இருக்கும் கடினப் பாறையிலிருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. பாறை இடுக்கில் தண்ணீர் நெடுங்காலம் தேங்கினால் இன்னும் அதிகம் கரையும். மழை பொய்த்து, போரை ஆழமாக இறக்க இறக்கத் தொல்லை கூடியது அதனால்தான்.

இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். அதற்கும் மேலே போனால் முதலில் பல் கெடும். அளவு மிகுந்த தண்ணீரையே பல ஆண்டுகள் குடிப்பவர்களுக்கு எலும்பும் பாதிக்கப்பட்டு, முதுகு விறைத்து, குனிந்து நிமிர முடியாமல் போகும். காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை. தண்ணீர் சுண்டுமே தவிர ஃப்ளோரைடு போகாது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் 1937லேயே மருத்துவர்கள் இந்த நோயைப் பதிவு செய்துவிட்டார்கள். அத்தனை காலமாகத் தெரிந்த நோய்க்கு இத்தனை தாமதமாக மருந்து வந்ததை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை.

மருந்து, காவிரித் தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் குறித்து தமிழ்நாடும் கர்நாடகமும் 1998ல் உடன்பாட்டுக்கு வந்தன. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, வேலை கொஞ்ச காலம் தள்ளிப்போனது. ஜப்பானியக் கடனுதவியோடு, ரூ.1,928.80 கோடி மதிப்பீட்டில் முடிந்து, 2013 மே மாதம் திறக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் நகரங்களோடு ஆயிரக்கணக்கான குக்கிராமங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆற்றில் எடுத்த தண்ணீரை யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, மடம் என்ற ஊரிலுள்ள பெரிய தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். ஒகேனக்கல் கிடப்பது பள்ளத்தில், ஓசூர் இருப்பதோ மேட்டு நிலத்தில். இடையே 600 மீட்டர் உயர வித்தியாசம். ஒவ்வொரு குடத்திலும் மின்சாரச் செலவு கலந்திருக்கிறது. தமிழகப் பொறியாளர்களின் பெரிய சாதனைகளில் ஒன்றாக இதை நான் தயங்காமல் சொல்வேன்.

அவ்வளவு பாடுபட்டு வந்த தண்ணீர் ஊர் எல்லையில் குடிநீர் வாரியத்தின் கையை விட்டு ஊராட்சியின் கைக்கு மாறுகிறது. கோடையில் வரத்து குறைந்து, எல்லாத் தெருவுக்கும் எட்டாதபோது, மேல்நிலைத் தொட்டியில் போர்த் தண்ணீரையும் ஏற்றிச் சேர்த்தே திறந்துவிடும் ஊர்கள் உண்டு. டேங்க் ஆபரேட்டரைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் வரவில்லையென்றால் காலிக் குடத்தோடு சாலைக்கு வரும் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் கணக்கைப் பாருங்கள்: போர் நீரில் 4 மில்லிகிராம் இருந்து, பாதிக்குப் பாதி கலந்தால், குழாயில் வருவது 2 மில்லிகிராமுக்குக் குறையாது. குடிப்பவரோ காவிரித் தண்ணீர் என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுக்கிறார்.

திட்டத்தின் இரண்டாம் கட்டம் பேசப்படும் இந்த நேரத்தில், கூடுதல் குழாய்க்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஊருக்குள்ளேயே செலவிட வேண்டும். புழங்குவதற்கான போர் நீருக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய் வேண்டும். கிராமப் பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தரும் ஏற்பாடு ஜல் ஜீவன் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் தெருக்குழாயில் பார்த்த ஃப்ளோரைடு அளவைத் தேதியோடு தொட்டியின் சுவரிலேயே எழுதச் சொல்லலாம்.

(தொடரும்)