உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சு வரை போய்த் திரும்பும் நரம்பு

குதிரையின் மூளையும் குரல்வளையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் குரல்வளையின் இடப்பக்கத்தை இயக்கும் நரம்பு நேராக அங்கே போவதில்லை. கழுத்து நெடுக இறங்கி, நெஞ்சுக்குள் பெருந்தமனியைச் சுற்றி வளைந்து, மறுபடி மேலேறித்தான் குரல்வளையைத் தொடுகிறது. உயரமான குதிரையில் இந்தப் பயணம் இரண்டு மீட்டரைத் தாண்டும். வலப்பக்க நரம்பு சற்று முன்னதாகவே திரும்பிவிடுவதால் அதன் நீளம் குறைவு.

இடப்பக்க நரம்பின் இழைகள் சில குதிரைகளில் நுனியிலிருந்து சிதையத் தொடங்குகின்றன. குரல்வளையைத் திறந்து வைக்கும் தசை மெலிகிறது. இடப்பக்கக் குருத்தெலும்பு காற்றுப் பாதைக்குள் சரிகிறது. குதிரையால் நம்மைப்போல வாயால் மூச்சு வாங்க முடியாது. மூக்கு ஒன்றே வழி. நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சுதான். அதனால் வேகமெடுத்ததும், உள்ளிழுக்கும் மூச்சில் சீழ்க்கையோ உறுமலோ எழுகிறது. லாயத்தில் நிற்கும்போது அதே குதிரை நல்ல ஆரோக்கியமாகத் தெரியும் என்பதுதான் கொடுமை. தரோபிரெட் பந்தயக் குதிரைகளிலும், பாரம் இழுக்கும் பெரிய இனங்களிலும் இந்த நரம்புச் சிதைவு அதிகம்.

சரிந்த குருத்தெலும்பை வலுவான நூலால் பின்னிழுத்துக் கட்டும் 'டை-பேக்' அறுவை சிகிச்சை 1970-இல் வெளியானது. பாதை திறக்கும், ஆனால் தீவனத் துணுக்கு மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்தும் கூடும்.

ஓடும் குதிரை மூச்சை இழுக்கையில் சத்தம் கேட்டால், சோம்பல் என்று சாட்டையை எடுக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் எண்டோஸ்கோப்பி செய்து பாருங்கள்.