ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் பிலிமைத் திரும்பச் சுற்றுதல்

36 படங்களையும் எடுத்து முடித்ததும் பின்கதவைத் திறந்துவிடக் கூடாது. 35 மி.மீ. பிலிம் தன் உலோக டப்பாவுக்குள் இருக்கும்வரைதான் அதற்கு வெளிச்சத்திடமிருந்து பாதுகாப்பு. படம் எடுக்க எடுக்க அது டப்பாவை விட்டு வெளியே வந்து எதிர்ப்பக்கச் சுருளில் ஏறிக்கொள்கிறது. அதைப் பழையபடி டப்பாவுக்குள் சேர்த்த பிறகே கதவைத் தொடலாம். 120 பிலிமில் இந்த வேலை கிடையாது. அதன் முதுகில் கறுப்புக் காகிதம் உண்டு. ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விட்டால் அப்படியே எடுத்துக் கழுவக் கொடுத்துவிடலாம்.

திரும்பச் சுற்றுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பிலிமின் ஓரத் துளைகளில் மாட்டி அதை நகர்த்தும் பற்சக்கரம் முன்னோக்கி மட்டுமே சுழலும்படி பூட்டப்பட்டிருக்கும். முதலில் அந்தப் பூட்டை விடுவிக்க வேண்டும். பிறகு டப்பாவின் நடுத்தண்டைத் திருப்பிப் பிலிமை உள்ளே இழுக்க வேண்டும். முதல் வேலையை மறந்துவிட்டு இரண்டாவதைப் பலவந்தமாகச் செய்தால் துளைகள் கிழியும். பழைய கேமராக்களில் பிலிம் பாழாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பூட்டை விடுவிக்கும் முறை கேமராவுக்குக் கேமரா வேறு. 1932இல் வந்த லைகா II, அடுத்த ஆண்டு வந்த லைகா III ஆகியவற்றில் ஷட்டர் பொத்தானுக்கு அருகே A, R என்று குறித்த சிறு நெம்பு இருக்கிறது. R பக்கம் தள்ளிவிட்டுச் சுற்ற வேண்டும். முடிந்ததும் நாமே A பக்கம் கொண்டுவர வேண்டும். நிக்கான் S2வில் அதே எழுத்துகள் ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தில் இருக்கின்றன. சோவியத் நாட்டு ஃபெட்-2, சோர்க்கி-4 இரண்டிலும் அந்த வளையத்தைக் கீழே அழுத்தித் திருப்ப வேண்டும். எந்தக் குறிப்பும் இல்லாமல் முதன்முதலாகக் கையில் எடுப்பவர் இதைக் கண்டுபிடிப்பது கடினம். லைகா M3இல் நெம்பு முன்பக்கம் வந்துவிட்டது. அடுத்த ரோலுக்குப் பிலிமை நகர்த்தும்போது அது தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். யாஷிகா எலக்ட்ரோ 35, கேனனெட் போன்றவற்றில் அடிப்பாகத்துப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். எளிமையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

சுற்றும் பாகத்தில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. M3இல் இருப்பது குமிழ். அதை மேலே இழுத்து, விரல் நுனிகளால் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். 36 படத்துக்கான பிலிம் சுமார் 1.6 மீட்டர் நீளம். டப்பாவின் தண்டு ஏறக்குறைய 30 முழுச் சுற்றுகள் சுற்ற வேண்டும். விரல்கள் ஒருமுறைக்கு அரைச்சுற்றுதான் திருப்பும் என்றால் கணக்கு இரட்டிப்பாகிறது. M3 வெளிவந்த அதே 1954இல் வந்த நிக்கான் S2வில் மடக்குக் கைப்பிடி இருந்தது. விரித்துச் சுழற்றினால் வேலை விரைவில் முடிந்துவிடும். அவசரமாக அடுத்த ரோலை ஏற்ற வேண்டிய செய்திப் படக்காரருக்கு இது பெரிய உதவி.

லைகா 1967இல் M4 மூலம் பதில் சொன்னது. அதன் மடக்குக் கைப்பிடி மட்டமாக இல்லாமல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சுழற்றும்போது விரல் கேமராவின் உடலில் இடிப்பதில்லை. நான் அறிந்த ரேஞ்ச்ஃபைண்டர்களில் கைக்கு மிக இதமான அமைப்பு இதுதான். 1971இல் வந்த M5இல் கைப்பிடி அடிப்பாகத்துக்குப் போய்விட்டது. 2003இல் வந்த MPயோ மீண்டும் பழைய குமிழுக்கே திரும்பியது. அதைப் பின்னடைவு என்று நான் நினைக்கவில்லை. குமிழில் உடைவதற்கு ஒன்றும் இல்லை; பிலிமின் இழுவிசையும் விரலுக்கு நன்றாகத் தெரியும்.

1936இல் ஜெர்மனியின் சைஸ் ஐகான் வெளியிட்ட கான்டாக்ஸ் II வேறொரு வழியும் தந்தது. அதற்கென்று செய்த தனி டப்பாக்கள் இரண்டைப் பொருத்தினால் பிலிம் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேரும். திரும்பச் சுற்றும் வேலையே இல்லை.

எந்தக் கேமராவானாலும் அம்புக்குறி காட்டும் திசையில் நிதானமாகச் சுற்றுங்கள். வறண்ட காற்றில் வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரப் பொறி பறந்து பிலிமில் கீற்றுகள் விழலாம். கடைசியில் ஒரு சிறு இறுக்கம் தெரியும், பிறகு கை சட்டென்று இலேசாகும். பிலிமின் நுனி எதிர்ச்சுருளை விட்டுவிட்டது என்று பொருள். பிறகும் சில சுற்று சுற்றி நுனியையும் உள்ளே இழுத்துவிடுவது நல்லது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எடுத்து முடித்த ரோலைப் புதிது என்று நினைத்து மறுபடி ஏற்றிவிட நேரும்.

திரும்பச் சுற்றும் குமிழுக்கு இன்னொரு பயனும் உண்டு. ரோலை ஏற்றியதும் குமிழை மெல்லத் திருப்பித் தளர்வை எடுத்துவிட்டு, அடுத்த படத்துக்கு நகர்த்துங்கள். குமிழும் எதிர்த்திசையில் சுழன்றால் பிலிம் சரியாக ஓடுகிறது. அசையாமல் நின்றால் பிலிம் மாட்டவில்லை. எத்தனை படம் எடுத்தாலும் ஒன்றும் பதியாது.

முதன்முதலாகப் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குபவர்களுக்கு அடிப்பொத்தானும் மடக்குக் கைப்பிடியும் உள்ள கேமராவைத்தான் சொல்வேன். கடைக்குப் போகும்போது வீணான ஒரு ரோலைக் கொண்டுபோங்கள். அதை ஏற்றி, முழுவதும் ஓட்டி, திரும்பச் சுற்றிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.