‘சொல்லி அனுப்புறேன்’ என்றால் கணக்கு முடிந்துவிடாது

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து அரிசி ஆலைகளில் வயதானவர்களை யாரும் முறையாக வேலையை விட்டு நீக்குவதில்லை. நோட்டீஸ் கிடையாது, கடிதமும் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் கூப்பிட்டவரை மூன்று நாள் கூப்பிடுவார்கள். பிறகு லோடு வந்தால் மட்டும். ஒருநாள் மேஸ்திரி, “நீங்க வீட்ல இருங்க பெரியவரே, ஆள் வேணும்னா சொல்லி அனுப்புறேன்” என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். ஆனால் சொல்லி அனுப்ப மாட்டார். இருபது வருஷம் நெல் அவித்தவர், மூட்டை அடுக்கியவர், களத்தில் காலால் நெல் கிளறிய அம்மா என்று பலருடைய வேலையும் இப்படித்தான் முடிகிறது. எந்தத் தேதியில் முடிந்தது என்பது எந்த ஏட்டிலும் இருக்காது. பின்னால் வரும் சிக்கல் அத்தனையும் அங்கேதான் தொடங்குகிறது.

தனியார் வேலையில் வயதைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் 40 வயது கடந்தவர்களுக்கு அப்படியொரு சட்டம் 1967-லேயே வந்துவிட்டது. இலங்கை 2021-இல் தனியார் துறைக்கும் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 என்று சட்டமாக்கியது. சிங்கப்பூரில் 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64. உடல்நலமும் வேலைத்திறனும் இருந்தால் 69 வரை மறுபணி தர முதலாளி முன்வர வேண்டும். நமக்கு இருப்பது வேறொரு வழி. ஓய்வு வயது இன்னது என்று வேலை ஒப்பந்தத்திலோ நிலையாணையிலோ எழுதியிருந்தால்தான் அந்த வயதில் அனுப்புவது ‘ஓய்வு’. எழுதாமல், வயதாகிவிட்டது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது ஆட்குறைப்பு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவரை, அதாவது 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை, அப்படி அனுப்ப ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும். வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். சின்ன ஆலைகளில் ஒப்பந்தமே எழுதுவதில்லை என்பது இங்கே தொழிலாளிக்குத்தான் சாதகம்.

கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை தனிக் கணக்கு. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்கு, வருஷத்துக்கு 15 நாள் கூலி. தினக்கூலி 500 ரூபாய், 18 வருஷ வேலை என்றால் 1,35,000 ரூபாய். கரும்பு அரவைப் பருவத்துக்கு மட்டும் எடுக்கப்படும் ஆட்களுக்கும் இது உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பருவத்துக்கு 7 நாள் கூலி என்ற கணக்கில் அதே ஆளுக்கு 63,000 ரூபாய் வரும். 2025 நவம்பர் 21 முதல் பழைய 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாறின. இந்த 15 நாள், 7 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. முப்பது நாளுக்குள் தராவிட்டால் வட்டியோடு தர வேண்டும்.

கல்வராயன் மலைக்காரருக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது: தன் வயதே அவருக்குச் சரியாகத் தெரியாது. ஜாகீர்தார்கள் வசமிருந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பள்ளிக்கூடம் போனவரும் பிறப்பைப் பதிந்தவரும் குறைவு. ஆதார் எடுத்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டு, தேதிக்கு ஜனவரி 1 என்று அடித்திருப்பார். விளைவு, 52 வயதுக்காரர் அட்டையில் 60 ஆகி வேலை போகும். 66 வயதுக்காரர் 57 ஆகி, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை கிடைக்காமல் நிற்பார். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கிக் கரும்பு வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆதார் வயதுக்கான சான்று அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜனவரியிலேயே வருங்கால வைப்பு நிதி நிறுவனமும் பிறந்த தேதிச் சான்றுப் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது. பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தால் அது போதும். எதுவுமே இல்லாதவருக்கு அரசு சிவில் சர்ஜன் பரிசோதித்துத் தரும் வயதுச் சான்றும் பிரமாணப் பத்திரமும் பிஎஃப் வேலைக்கு ஆகும். வேலை போன பிறகு இதற்கு அலைவதைவிட இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

“58 ஆயிடுச்சு, இனி பிஎஃப் பிடிக்க முடியாது” என்று ஆபீஸில் சொன்னால் நம்ப வேண்டாம். 58-இல் நிற்பது பென்ஷன் கணக்குக்குப் போகும் பங்கு மட்டுமே. அந்தப் பணமும் சேர்ந்து பிஎஃபுக்கே போகும். இஎஸ்ஐ-யில் ஐந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் மருத்துவம் தொடரும்.

விபத்து நேர்ந்தால், வயதானவருக்குக் கேஸ் நிற்காது என்று குடும்பத்தை ஐம்பதாயிரத்தில் சமாதானம் செய்து வைப்பார்கள். இழப்பீட்டுச் சட்டத்தில் வயது உச்சவரம்பே இல்லை. மாதம் 15,000 ரூபாய் வாங்கிய 65 வயதுக்காரர் வேலையில் இறந்தால் பாதிச் சம்பளம் 7,500-ஐ அந்த வயதுக்கான 99.37 என்ற காரணியால் பெருக்க வேண்டும். ஏழு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் வரும்.

இதையெல்லாம் கேட்க முதலில் வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும். இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் எண், ஜிபேயில் வந்த கூலி, மேஸ்திரி நோட்டில் தன் பெயர் உள்ள பக்கத்தின் போட்டோ, கூட வேலை செய்தவர் சாட்சியம் எல்லாமே செல்லும். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கக் கூடாது. “சுயவிருப்பத்தில் விலகுகிறேன்” என்ற வரி அதில்தான் பிறகு ஏறும். புகாரை மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்கலாம். இரண்டு வருஷம் தாண்டினால் சமரச அதிகாரி கையில் எடுக்க மாட்டார். பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. முதியோர் உதவி எண் 14567.

முதலாளி பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. புழுங்கல் அரிசியின் விலையை நிர்ணயிப்பது ஊறலும் அவியலும் உலர்த்தலும். நெல் அதிகம் காய்ந்தால் அரவையில் நொறுங்கி நொய்யாகும். குறைவாகக் காய்ந்தால் பூசணம் பிடிக்கும். ஈரப்பதம் காட்டும் மீட்டர் வாங்கலாம். ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, “இன்னும் ஒரு வெயில் போகட்டும்” என்று சொல்கிறவரையும் அதன் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அவரை மூட்டைக்குக் கீழே நிறுத்தி முதுகு போன பிறகு வீட்டுக்கு அனுப்புவது, நொய் கணக்கில் நஷ்டம்.

மூட்டையையே எடுத்துக்கொள்வோம். தனியாரிடம் 75 கிலோ நெல் மூட்டை இன்னும் புழக்கத்தில் உண்டு. ஓர் ஆண் தொழிலாளி வழக்கமாகத் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அரசு நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பம்தான் ஓடுகிறது. சிப்பத்தைச் சிறிதாக்கி, ஒரு தள்ளுவண்டியும் வாங்கிப் போட்டால் ஐம்பத்தைந்து வயதுக்காரர் இன்னும் சில வருஷம் தாங்குவார். இருபத்தைந்து வயதுக்காரர் முதுகும் தப்பும். நின்றே வேலை செய்கிறவருக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கடைகளுக்கு அதைக் கட்டாயமாக்கத் தமிழ்நாடு 2021 வரை எடுத்துக்கொண்டது.

2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தில் வயதாகிவிட்டது என்ற பேச்சே எழுவதில்லை. பட்டறையில் இளையவர் கட்டையைக் கழித்துக் கொடுக்க, முகம் திறக்க மூத்தவர் உட்காருவார். அவருக்கு வேண்டியது நல்ல வெளிச்சமும் சரியான கண்ணாடியும்தான்.

களத்து வேலையைச் சித்திரை, வைகாசியில் முற்பகலோடு நிறுத்த வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. 40 வயது கடந்த தொழிலாளருக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை என்று புதிய தொகுப்புகள் வந்தபோது மத்திய அரசு சொன்னது. அதன் முடிவைப் பார்த்து வேலையை மாற்றிக் கொடுக்கலாம். மாற்றியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய சேவை வருஷங்கள் தொடரும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். இலகுவான வேலை என்பதற்காகக் கூலியைக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறக்க முடியாது. அரிசி ஆலைக்கு அந்தக் கூலி தனியாக நிர்ணயமாகியிருக்கிறது. அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-லும் மாறும்.