வெள்ளிப் பூச்சும் நெய்யும்

செங்கத்துல எங்க வீட்டு மாடியில நின்னா வடக்கே ஜவ்வாது மலை. அங்க காவலூர்ல இருக்கிற வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.3 மீட்டர் கண்ணாடிக்கு வெற்றிடத்தில் அலுமினியம் பூசுவாங்க. ஒளி பட்டுத் திரும்பணும், அதுக்குத்தான் அந்தப் பூச்சு. நான் சொல்ல வருவது இதுக்கு நேர்மாறான பூச்சு: ஒளியை விழுங்கணும்.

நிறைநிரல்மானி என்பது மூலக்கூறுகளுக்கான தராசு. ஆனா மின்னூட்டம் உள்ளதை மட்டும்தான் அது நிறுக்கும். லேசரை நேரா பலமா அடிச்சா மூலக்கூறு உடைஞ்சு போயிடும். அதனால லேசரை வாங்கிச் சூடாகி, பக்கத்துல இருக்கிறதை அலுங்காம மேலே கிளப்பிவிட ஒரு இடைத்தரகர் வேணும்.

1985-ல ஜப்பானில் ஷிமாட்சு நிறுவனத்தின் கொய்ச்சி தனாக்கா, கோபால்ட் நுண்பொடியில் தவறுதலா கிளிசரினை ஊத்திட்டார். பொடி விலை அதிகம், வீணாக்க மனசு வரல. அப்படியே சோதிச்சுப் பார்த்தார். உடையாத மூலக்கூறின் சிகரம் தெரிஞ்சது. 2002-ல வேதியியல் நோபல் பரிசில் பங்கு.

இப்போ பல ஆய்வகங்களில் மாதிரியின் மேலேயே வெள்ளியை நானோமீட்டர் அளவில் மெல்லிசாப் படியவிடறாங்க. கரைப்பான் கிடையாது, அதனால மூலக்கூறுகள் இருந்த இடத்தை விட்டு நகராது. வெள்ளி இரண்டு வேலை செய்யும். ஒன்று, லேசரை விழுங்கும். இரண்டு, வெள்ளி அயனி இரட்டைப் பிணைப்பில் ஒட்டிக்கிட்டு மின்னூட்டம் தரும். சாதாரணமா மின்னூட்டம் ஏற மறுக்கிற கொலஸ்ட்ராலுக்கு இது பெரிய உதவி.

இன்னொரு வசதியும் உண்டு. வெள்ளிக்கு 107, 109 என்று ஏறக்குறைய சம அளவில் இரண்டு ஐசோடோப்புகள். கொலஸ்ட்ராலின் நிறை 386. ஆகவே 493, 495 என இரட்டைச் சிகரம் வரும். ஜோடியா வந்தா வெள்ளி ஒட்டினதுன்னு அடையாளம்.

சந்தையில வாங்கின நெய்யை முகர்ந்து பார்த்து "இது சுத்தமாடா?"ன்னு அம்மா கேட்பாங்க. தாவர எண்ணெய் கலந்திருந்தா அதிலுள்ள சிட்டோஸ்டெரால் (414) 521, 523-ல தலைகாட்டணும். ஆனா மாட்டுக்கொழுப்பு கலந்திருந்தா? அதுலயும் கொலஸ்ட்ரால்தான். இந்த ஜோடி அங்கே எதையும் பிரிச்சுச் சொல்லாது. கொழுப்பு அமிலங்களின் விகிதத்தைத் தனியா பார்க்கணும்.

பூச்சும் அளவோடதான் இருக்கணும். தடிச்சா லேசர் அடியில எட்டாது, மெலிஞ்சா அயனி போதாது. தராசு எவ்வளவு நுட்பமானாலும், எதைத் தேடறோம்னு தெரிஞ்சுதான் தட்டில் வைக்கணும்.