கிறிஸ்தவ வாழ்வில் வேதாகமத்தின் பெறுமதி: வாசிப்போருக்கும் செவிமடுப்போருக்கும்

க.பொ.த. (சாதாரண தரம்) – கிறிஸ்தவம்

அறிமுகம்

கிறிஸ்தவர்களின் திருநூல் வேதாகமம் ஆகும். கத்தோலிக்கர் இதனைத் திருவிவிலியம் என அழைப்பர். "வேதாகமத்தின் பெறுமதி யாது?" என்னும் வினாவுக்கு மாணவர் பலர், "தினமும் வாசிப்பதனால் நல்வழி கிடைக்கின்றது" என ஒரே வரியில் விடை எழுதிவிடுகின்றனர். இவ்விடை தவறானதன்று, ஆயினும் முழுமையானதுமன்று.

எழுத்தறியாத ஒரு பாட்டி, கண்பார்வை இழந்த ஒரு முதியவர், பாடசாலைக்குச் செல்லும் வாய்ப்பைப் பெறாத ஒரு தொழிலாளி ஆகியோருக்கு வேதாகமத்தினால் பயன் இல்லையா? அவர்களுடைய விசுவாசம் வாசிக்கத் தெரிந்தவரின் விசுவாசத்திலும் குறைந்ததா? இவ்வினாவுக்கு விடை காணும்போதே வேதாகமத்தின் உண்மையான பெறுமதியையும் நாம் விளங்கிக்கொள்ள முடியும்.

1. வேதாகமம் ஏன் பெறுமதி உடையது?

• அது இரட்சிப்பின் வழியை அறிவிக்கின்றது. இயேசுவே கிறிஸ்து என விசுவாசித்து வாழ்வு பெறும்படி நற்செய்தி எழுதப்பட்டது என யோவான் கூறுகின்றார் (யோவான் 20:31).
• அது போதிக்கவும், கண்டிக்கவும், சீர்திருத்தவும், நீதியிற் பயிற்றுவிக்கவும் பயன்படுகின்றது (2 தீமோத்தேயு 3:16).
• அது வாழ்க்கைப் பாதைக்கு விளக்குப் போன்றது (சங்கீதம் 119:105).
• அது துன்ப வேளையில் ஆறுதலையும் நம்பிக்கையையும் தருகின்றது (உரோமர் 15:4).

இந்நான்கு பயன்களுள் எதுவும் வாசிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கவனிக்கவும்.

2. வேதாகமம் செவிமடுக்கப்பட்ட நூல்

இன்று நாம் வேதாகமத்தைக் கையில் வைத்துத் தனிமையில் வாசிக்கின்றோம். பண்டைக் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. தோற்சுருள்கள் கையால் எழுதப்பட்டவை, விலை மிகுந்தவை. மக்களுள் மிகச் சிலருக்கே எழுத வாசிக்கத் தெரிந்திருந்தது. ஆகவே இறைவார்த்தை பெரும்பாலும் காதினாலேயே மக்களைச் சென்றடைந்தது.

அ) உபாகமம் 6:4–9: கடவுளின் கட்டளைகளை வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி பெற்றோர் பணிக்கப்பட்டனர். வீடே முதற் பாடசாலையாக விளங்கியது.

ஆ) உபாகமம் 31:10–13: ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடாரப் பண்டிகையின்போது நியாயப்பிரமாணம் உரத்து வாசிக்கப்பட வேண்டும். ஆண்கள், பெண்கள், சிறுவர், இடையே வாழும் அந்நியர் ஆகிய யாவரும் அதனைக் கேட்க வேண்டும். எவரும் விலக்கப்படவில்லை.

இ) நெகேமியா 8: எருசலேமில் தண்ணீர் வாசலுக்கு முன்னுள்ள வெளியில், ஏழாம் மாதம் முதலாம் நாளில் எஸ்றா நியாயப்பிரமாண நூலை வாசித்தார். அதிகாலை முதல் நண்பகல் வரை மக்கள் நின்று செவிமடுத்தனர். லேவியர் அதன் பொருளை விளக்கினர். மக்கள் அழுதனர், பின்னர், கேட்டதை விளங்கிக்கொண்டமையால் மகிழ்ச்சியுடன் பண்டிகை கொண்டாடினர். நூலைக் கையில் வைத்திருந்தவர் மிகச் சிலர். ஆனால் மனம் மாறியவர்களோ கூடியிருந்த மக்கள் யாவரும்.

ஈ) புதிய ஏற்பாடு: இயேசு நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஏசாயாவின் நூலை வாசித்தார், ஏனையோர் கேட்டனர் (லூக்கா 4:16–21). பவுல் தமது கடிதத்தைச் சகோதரர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டார் (1 தெசலோனிக்கேயர் 5:27). விசுவாசம் கேள்வியினால் வரும் என்பதும் அவருடைய போதனையாகும் (உரோமர் 10:17). வெளிப்படுத்தல் 1:3 வாசிக்கின்றவரை மட்டுமன்றி, கேட்டுக் கைக்கொள்கின்றவர்களையும் பேறுபெற்றோர் என்கின்றது.

உ) பேதுருவும் யோவானும்: ஆலோசனைச் சங்கத்தார் இவர்களைப் படிப்பறியாத சாதாரண மனிதர் எனக் கண்டு வியந்தனர் (அப்போஸ்தலர் 4:13). ஆயினும் அதே சங்கத்தின் முன்னிலையில் பேதுரு 118ஆம் சங்கீதத்தின் கல்லைப் பற்றிய வசனத்தை எடுத்துக்காட்டிப் பேசினார் (4:11). முறையான கல்வி இல்லாதிருந்தும் வேதவார்த்தை அவருடைய உள்ளத்தில் பதிந்திருந்தது.

3. திருச்சபை வரலாற்றிலிருந்து சான்றுகள்

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய புனித யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டில் அப்போஸ்தலரின் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துக்களும் வாசிக்கப்பட்டதையும், பின்னர் சபைத் தலைவர் அவற்றின்படி வாழுமாறு அறிவுரை கூறியதையும் குறிப்பிடுகின்றார்.

எகிப்து நாட்டைச் சேர்ந்த புனித அந்தோனியார் (சுமார் 251–356) சிறந்த எடுத்துக்காட்டாவார். அவருடைய வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார், அந்தோனியார் சிறுவயதில் எழுத்துக் கற்கவில்லை என்கின்றார். ஒரு நாள் ஆலயத்தில் செல்வந்த வாலிபனைப் பற்றிய நற்செய்திப் பகுதி (மத்தேயு 19:21) வாசிக்கப்படக் கேட்டார். அது தமக்கே கூறப்பட்டதாகக் கொண்டு, தமது உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். வாசிக்கப்படுவதை மிகக் கவனமாகக் கேட்டதால் அவருடைய ஞாபகமே அவருக்கு நூலாக அமைந்தது எனவும் அத்தனாசியார் கூறுகின்றார்.

கி.பி. 600 அளவில் பாப்பரசர் பெரிய கிரகோரியார், மார்செய் நகர ஆயர் ஆலயப் படங்களை அழித்ததைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். எழுத்தறிந்தோர் நூலிலிருந்து பெறுவதை எழுத்தறியாதோர் படங்களிலிருந்து பெறுகின்றனர் என்பது அவருடைய விளக்கமாகும்.

4. வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா?

அப்போஸ்தலர் 8:26–40இல் வரும் எத்தியோப்பிய அதிகாரி கல்வியறிவு உடையவர். தேரில் அமர்ந்து ஏசாயாவின் நூலை வாசித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒருவர் வழிகாட்டாவிட்டால் தம்மால் எவ்வாறு விளங்கிக்கொள்ள முடியும் எனப் பிலிப்புவிடம் கேட்டார். பிலிப்பு விளக்கிய பின்னரே அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

எழுத்தறியாத அந்தோனியார் கேட்டு விளங்கிக்கொண்டார். எழுத்தறிந்த அதிகாரி வாசித்தும் விளங்காது நின்றார். இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கண்ணால் வாசித்தாலும் காதால் கேட்டாலும், விளங்கிக்கொள்ளுதலும் கைக்கொள்ளுதலுமே வேதாகமத்தின் பயனைத் தருகின்றன. கேட்பவராக மட்டும் இராமல் செய்பவராகவும் இருக்கும்படி யாக்கோபு 1:22 வற்புறுத்துகின்றது.

5. தமிழ் மக்களிடையே இறைவார்த்தை

விளங்கிக்கொள்வதற்குத் தாய்மொழி அவசியம். சீகன்பால்க்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்தது. இலங்கையில் பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1759இல் கொழும்பில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்புப் பணிக்குச் சைவ அறிஞராகிய ஆறுமுக நாவலர் துணைபுரிந்தார்; அது 1850இல் வெளியாயிற்று. வேதாகமத்தை மக்களே வாசிக்க வேண்டும் என்பதற்காக மிஷனரிமார் பாடசாலைகளையும் நிறுவினர். 1824இல் தொடங்கப்பட்ட உடுவில் மகளிர் பாடசாலை இதற்கு ஓர் உதாரணமாகும்.

வாசிக்காதோரும் மறக்கப்படவில்லை. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் ஆலயங்களில் இராகத்துடன் வாசிக்கப்படுவது எமது கத்தோலிக்க மரபாகும். கேட்டுக் கேட்டே இயேசுவின் பாடுகளை மனனம் செய்துகொண்ட முதியோர் பலர். யாழ்ப்பாணத்தில் 1965இல் உருவான திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகங்களை மேடையேற்றியதன் மூலம் அதே வரலாற்றைக் கண்முன் நிறுத்தியது.

6. இன்றைய நிலையும் எமது பொறுப்பும்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், வேதாகமத்தை அணுகும் வழி விசுவாசிகள் யாவருக்கும் திறந்திருக்க வேண்டும் எனப் போதித்தது. பார்வையற்றோருக்குப் பிரெயில் பதிப்புகளும், வாசிக்க இயலாதோருக்கு ஒலிவடிவ வேதாகமங்களும் உள்ளன. செவிப்புலன் அற்றோருக்காக அமெரிக்க சைகை மொழியில் முழு வேதாகமமும் 2020இல் நிறைவு செய்யப்பட்டது.

மாணவர் செய்யக்கூடியவை:

• ஆலயத்தில் வாசிக்க நியமிக்கப்பட்டால் முன்கூட்டியே பயிற்சி செய்து, தெளிவாகவும் ஆறுதலாகவும் வாசித்தல். கடைசி வாங்கில் இருக்கும் எழுத்தறியாத தாயாருக்கு அந்த வாரத்தில் கிடைக்கும் வேதவாசிப்பு அதுவாகவே இருக்கலாம்.
• வீட்டிலுள்ள முதியோருக்கும் நோயாளருக்கும் வாசித்துக் காட்டுதல்.
• முதியோர் மனதில் வைத்திருக்கும் வசனங்களையும் செபங்களையும் கேட்டறிதல்.
• வாசிக்கத் தெரிந்தவர் தாமாகவும் ஒழுங்காக வாசித்தல். "கேட்டாலே போதும்" என்பது சோம்பலுக்குச் சாட்டாக அமையக் கூடாது.

மாதிரி வினாவும் விடைக் குறிப்பும்

வினா: "வேதாகமம் வாசிக்கத் தெரிந்தோருக்கு மட்டும் உரியதன்று." இக்கூற்றை உதாரணங்களுடன் விளக்குக. (10 புள்ளிகள்)

விடையில் இடம்பெற வேண்டியவை:

1. வேதாகமத்தின் பயன்கள் இரண்டு – 2 புள்ளிகள்
2. பழைய ஏற்பாட்டு உதாரணம் (நெகேமியா 8 அல்லது உபாகமம் 31) – 2 புள்ளிகள்
3. புதிய ஏற்பாட்டு உதாரணம் (உரோமர் 10:17 அல்லது வெளிப்படுத்தல் 1:3) – 2 புள்ளிகள்
4. திருச்சபை வரலாற்று உதாரணம் (புனித அந்தோனியார்) – 2 புள்ளிகள்
5. விளங்குதலும் கைக்கொள்ளுதலும் அவசியம் என்னும் முடிவு – 2 புள்ளிகள்

கவனிக்க: அதிகாரத்தையும் வசனத்தையும் மட்டும் எழுதினால் முழுப் புள்ளியும் கிடைக்காது. நிகழ்வைச் சுருக்கமாகக் கூறி, அது கூற்றுடன் எவ்வாறு தொடர்புபடுகின்றது என்பதையும் எழுதுதல் வேண்டும்.

ஞாபகத்திற் கொள்க: எழுத்தறிவு வேதாகமத்தை அடைய உதவும் ஒரு வழி, அதுவே விசுவாசத்தின் அளவுகோல் அன்று. வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கத் தெரியாதவருக்குக் கடமைப்பட்டவர். கேட்டபடி வாழும் எழுத்தறியாதவரிடம் வாசிக்கத் தெரிந்தவர் கற்க வேண்டியதும் உண்டு.