இடதுசாரிச் சாய்வா, அச்சடித்த ஆய்வா?

2018 டிசம்பரில் திருச்சி தூய வளனார் கல்லூரித் தமிழ்த்துறை ஒரு கருத்தரங்கை அறிவித்தது. பொருள், தமிழ் இலக்கியம் பதிவுசெய்துள்ள பெண்கள் மீதான வன்கொடுமைகள். இந்து மதத்தையும் தமிழ் இலக்கியத்தையும் இழிவுபடுத்தும் முயற்சி என்று பாஜக தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்ப, கருத்தரங்கு கைவிடப்பட்டது. 2020 நவம்பரில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மாவோயிஸ்டுகளைப் பற்றி அருந்ததி ராய் எழுதிய நூலை எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திலிருந்து நீக்கியது. புகார் கொடுத்தது மாணவர் அமைப்பான ஏபிவிபி. 2017 முதல் பாடத்தில் இருந்த நூல் அது.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குற்றச்சாட்டு: கல்விக்கூடங்களை இடதுசாரிகள் வளைத்துப் போட்டுவிட்டார்கள்.

அதில் கொஞ்சம் உண்மை உண்டு. நா.வானமாமலையும் க.கைலாசபதியும் மார்க்சியத்தைத் தமிழாய்வுக்குள் கொண்டுவந்தது உழைப்பால். நாட்டார் பாடல்களை ஊர் ஊராகத் திரட்ட வைத்தவர் வானமாமலை. பின்னால் வந்த பலரிடம் மார்க்சியம் வெறும் வாய்பாடாகிவிட்டது. கருத்தரங்கு அழைப்பிதழைப் பாருங்கள்: ‘பெண்ணிய நோக்கில்’, ‘தலித்திய நோக்கில்’, ‘மார்க்சிய நோக்கில்’, முன்னால் ஏதாவது ஒரு நூலின் பெயர். கட்டணம் கட்டினால் சான்றிதழ், ஐஎஸ்பிஎன் எண்ணோடு தொகுப்பு நூல், பதவி உயர்வுக்குக் கணக்கு. இதைப் போய்க் கொள்கை வெறி என்பது இவர்களுக்குக் கொடுக்கும் பெரிய பாராட்டு.

இந்தச் சாய்வை எதிர்க்க வேறு வழி இருந்திருக்கிறது. 1968இல் வந்த கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நூலை விமர்சகர் வெங்கட் சாமிநாதன் கடுமையாகச் சாடினார். மார்க்சியத் தரப்பிலிருந்து எம்.ஏ.நுஃமான் நீண்ட பதில் எழுதினார். கோபத்துக்குக் குறைவில்லை, ஆனால் நூலைத் தடைசெய் என்று யாரும் மனு கொடுக்கவில்லை.

வாய்பாடு, தடை இரண்டுமே எதைத் தவறவிடுகின்றன என்று பார்க்க, வளனார் கல்லூரியிலிருந்து காவிரியைத் தாண்டினால் போதும். ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்குச் சன்னதி உண்டு. சிலை கிடையாது, ஓவியம்தான். டில்லி சுல்தானின் மகள், அரங்கன் மேல் காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்தவள் என்பது கதை. அவள் பொருட்டுப் பெருமாளுக்கு இன்றும் ரொட்டி அமுது செய்விக்கிறார்கள். ‘ஆணாதிக்கக் கட்டமைப்பு’ என்று ஒரு வரியில் முடிக்கலாம். ‘பக்தியைக் கொச்சைப்படுத்தாதே’ என்று வாயடைக்கவும் செய்யலாம். டில்லிப் படையால் சூறையாடப்பட்ட ஊர், சூறையாடியவன் வீட்டுப் பெண்ணை எதற்காக நாச்சியாராக்கிக்கொண்டது என்ற கேள்விக்குள் இரண்டு தரப்பும் போகாது.