பாடமும் மொழியும்

ஒரு பொருளை அறிதல் வேறு. அறிந்ததனை அத்துறைக்குரிய மொழியில் எடுத்துரைத்தல் வேறு. பரிசோதனையைச் செவ்வனே செய்து முடித்த மாணவன், அதனை எழுத முற்படுங்கால் இடர்ப்படுகின்றான். விடைத்தாளைத் திருத்துவோர் அவன் எழுத்தையன்றி உள்ளத்தைக் காணார். ஆதலின், அறிவிருந்தும் அவன் மந்தன் எனப் பெயர் பெறுகின்றான். மொழி கற்பித்தல் மொழியாசிரியரின் கடனே எனப் பிற பாட ஆசிரியர் கருதுவது இக்குறைக்கு ஒரு காரணமாகும்.

வீட்டிலும் வீதியிலும் வழங்கும் மொழியும் கல்விக்குரிய மொழியும் ஒன்றல்ல. கனடா நாட்டு அறிஞர் ஜிம் கமின்ஸ் 1979 ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினார். இரண்டாம் மொழியில் கற்கும் மாணவர் உரையாட்டுத் திறனை விரைவில் எய்துவர் என்றும், பாடநூல் மொழியிற் றேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் செல்லும் என்றும் அவர் காட்டினார். தாய்மொழியிற் கற்போர்க்கும் பாடநூல் மொழி தானே வாய்ப்பதன்று.

வேலை, வலு, சக்தி, விசை என்னுஞ் சொற்களை நோக்குக. இவற்றை அறியாத தமிழ்ச் சிறுவன் இலன். அதுவே இடையூறுமாகின்றது. பாரமான மூடையைத் தலையிற் சுமந்து அசையாது நிற்பவன் பெரிதும் வேலை செய்கின்றான் என்பது உலக வழக்கு. பெளதிகவியலோ, மூடை இடம்பெயராமையால் அதன்மீது வேலை செய்யப்படவில்லை என்னும். வலு என்பது உடல் உரத்தைக் குறியாது, வேலை செய்யப்படும் வீதத்தைக் குறிக்கும். பழகிய சொல்லின் புதுப்பொருளை விளக்குதல் பெளதிகவியல் ஆசிரியராலன்றிப் பிறரால் இயலாது.

சொல்லளவில் இஃது அமையாது. கணிதத்தில் ‘ஐந்திலும் குறைந்த எண்’ என்பதும் ‘குறைந்தது ஐந்து’ என்பதும் ஒலியால் நெருங்கியவை; பொருளால் மாறுபட்டவை. வரலாற்றில் ‘அதன் பின்னர்’ என்பது காலத்தைக் காட்டும். ‘அதன் விளைவாக’ என்பது காரணத்தை நிறுவும். முன்னதற்குப் பின்னதை எழுதும் மாணவன், சான்றின்றியே முடிவு கூறியவனாகின்றான். ஈண்டு மொழிப்பிழையே சிந்தனைப் பிழையாதல் காண்க.

இதனை வகுப்பிற் செயற்படுத்தும் வழி யாது? இலையில் மாப்பொருள் உண்டோவெனச் சோதிக்கும் பாடத்தைக் கொள்க. நிறம் நீக்கிய இலையில் அயடீன் கரைசல் இடப்படுகின்றது. முதற்கண் மாணவர் தாம் கண்டதைத் தம் சொற்களாற் கூறுக. பின்னர் ஆசிரியர் ‘இலை கருநீல நிறமாயிற்று’ என்பது அவதானம் என்றும், ‘இலையில் மாப்பொருள் உண்டு’ என்பது முடிவு என்றும் பிரித்துக் காட்டுக. அடுத்து, ஆசிரியரும் மாணவரும் கூடிக் கரும்பலகையில் ஓர் அறிக்கையை ஆக்குக. இறுதியில் மாணவர் தனித்தனியே எழுதுக. கரும்பலகையிற் கண்டதை வாளா பார்த்தெழுதுவதால் இப்பயன் விளையாது.

இதற்கு நேரம் எங்கே என்பார் உளர். எழுதத் தெரியாத மாணவனுக்கு ஒரே பாடத்தை மீண்டும் மீண்டும் கற்பிக்கச் செல்லும் நேரத்தை நோக்க, இது சிறிதேயாம். இங்கிலாந்தில் அலன் புலொக் தலைமையிலான குழு 1975 இல் வெளியிட்ட அறிக்கையும், பாடங்கள் அனைத்தையும் தழுவிய மொழிக் கொள்கை ஒவ்வொரு பாடசாலைக்கும் வேண்டுமென விதந்துரைத்தது.

யாழ்ப்பாணத்திற்கு இக்கருத்துப் புதியதன்று. 1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளிப்படுத்தினார். அவர் மொழியாசிரியர் அல்லர், மருத்துவர். எனினும் தம் துறைக்கு வேண்டிய மொழியை ஆக்கி அளிப்பதும் தம் கடனெனக் கொண்டார்.

அவர் போன்றோர் சொற்களைத் தேடி அலைந்தனர். இன்று கலைச்சொற்கள் பல்கிக் கிடக்கின்றன. அவற்றை மாணவன் நாவிலும் எழுதுகோலிலும் ஏற்றுவதே எஞ்சிய பணி. அது மொழியாசிரியர் ஒருவரால் முடிவதன்று. பாடங் கற்பிக்கும் ஒவ்வொருவரும் அப்பாடத்தின் மொழிக்கும் ஆசிரியரே.